பெயரும் பெறுமதியும்: அமைவுக் கோப்புகளுக்கு ஓர் எளிய மாக்ரோ முற்செயலி



1658-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதனைச் சூழ்ந்த தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லைடன் ஆயிற்று; காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று; புங்குடுதீவு மிடில்பர்க் என்றும், நயினாதீவு ஹார்லெம் என்றும், நெடுந்தீவு டெல்ஃப்ட் என்றும் அவர்தம் ஏடுகளில் எழுதப்பட்டன. தீவுகள் அசையவில்லை. பனைமரங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. எழுத்தில் மட்டும் ஒரு பெயர் எடுக்கப்பட்டு, அதன் இடத்தில் வேறொரு பெயர் வைக்கப்பட்டது. அவ்வாறு வைத்த பெயர்களுள் பல வழக்கொழிந்து போயின. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் என்னும் பெயர் மட்டும் ஆங்கில வழக்கில் இன்றளவும் உறுதியாக நிலைத்திருக்கின்றது.

எழுத்தில் ஒரு குறியைக் கண்ட இடமெல்லாம் அதனை நீக்கி வேறொன்றை வைப்பது மிகச் சிறிய செயல். சிந்தனை வேண்டாத செயல் என்றும் சொல்லலாம். ஆயினும் இச்சிறு செயலை ஒழுங்காகச் செய்யவல்ல ஒரு கருவி கையில் இருந்தால், பல இடங்களில் பரந்து கிடக்கும் கணினிகளைப் பராமரிப்போர்க்கு எவ்வளவு துணையாகும் என்பதையும், அதே கருவி எவ்விடத்தில் காலை வாரிவிடும் என்பதையும் இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன். அக்கருவிக்கு மாக்ரோ முற்செயலி என்று பெயர். அதன் பயனை ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு என்னும் மூன்று இடங்களை வைத்தே பார்ப்போம்.

முதற்கண் அமைவுக் கோப்பு என்பது யாதெனக் காண்போம். கணினியில் இயங்கும் நிரல்கள், தாம் எந்த ஊரில் இருக்கின்றோம் என்பதைத் தாமே அறிந்துகொள்வதில்லை. இந்த நிலையத்தின் பெயர் என்ன, வலையமைப்பில் இதன் முகவரி என்ன, கடிகாரம் எந்த நாட்டு நேரத்தைக் காட்டவேண்டும், செய்தி அனுப்பவேண்டிய தலைமை நிலையம் எது என்பனவற்றையெல்லாம் நாமே ஒரு கோப்பில் வரிவரியாக எழுதி வைக்கின்றோம். நிரல் இயங்கத் தொடங்கும்போது அக்கோப்பைப் படித்து அதன்படி நடக்கின்றது. இதுவே அமைவுக் கோப்பு. பெரும்பாலும் இது சாதாரண எழுத்தாலான கோப்பே. எவரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். அவ்வெளிமையே அதன் சிறப்பு. அதுவே அதற்கு ஆபத்துமாகும்.

இப்போது ஒரு கற்பனை நிலையை எண்ணிப் பாருங்கள். மேற்கூறிய மூன்று இடங்களிலும் ஒவ்வொரு வாசிகசாலை இருக்கின்றது. ஒவ்வொன்றிலும் சில கணினிகளும் அவற்றை வெளியுலகோடு இணைக்கும் ஒரு ரவுட்டரும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ரவுட்டருக்கும் நாற்பது வரியில் ஓர் அமைவுக் கோப்பு வேண்டும். அந்த நாற்பதில் முப்பத்தேழு வரிகள் மூன்று இடங்களுக்கும் பொதுவானவை. இடத்தின் பெயர், முகவரி, பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கம் ஆகிய மூன்று வரிகளே வேறுபடும். பராமரிப்பவர் என்ன செய்வார்? ஊர்காவற்றுறைக்கு ஒரு கோப்பை எழுதி முடிப்பார். அதையே இருமுறை பிரதி செய்வார். பிரதிகளில் மூன்று மூன்று வரிகளை மாற்றுவார். வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்.

அன்று வேலை முடிந்தது உண்மைதான். ஆறு மாதங்களின் பின் பொதுவான வரிகளுள் ஒன்றை மாற்ற வேண்டிவரும். மூன்று கோப்புகளையும் திறக்கவேண்டும். ஒன்றில் திருத்துவார், இரண்டாவதில் திருத்துவார், மூன்றாவதைத் திறக்குமுன் யாரேனும் அழைப்பர். அல்லது மூன்றாவதில் ஓர் எழுத்துப் பிழைபடும். இரண்டு ஆண்டுகள் கழிந்தால், மூன்று கோப்புகளும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்று நம்புவதே கடினமாகிவிடும். அவற்றிடையே காணும் வேறுபாடுகளில் எது வேண்டுமென்றே செய்தது, எது தவறி நேர்ந்தது என்று சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்.

இந்தத் துன்பம் தமிழுலகுக்குப் புதிதன்று. ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்தெழுதிய காலத்தில், ஒரு நூலின் பிரதிகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. அவ்வேறுபாட்டுக்குப் பாடபேதம் என்று பெயரிட்டோம். கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பழைய இலக்கண இலக்கியங்களை அச்சேற்றப் புகுந்தபோது, பல ஏடுகளைத் தேடிப் பெற்று ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, எது மூலபாடம் என்று துணிவதற்கு எவ்வளவு உழைத்தனர் என்பதை நாம் அறிவோம். அமைவுக் கோப்புகளிலும் பாடபேதம் நேர்கின்றது. ஆனால் அங்கே ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் அறிஞர் எவரும் வருவதில்லை. ஒரு நாள் இணைப்பு அறுந்து போகும்போதுதான் பிழை தன்னைத் தெரிவிக்கின்றது.

பிழை எங்கே நேர்ந்தாலும் தொல்லையே. தீவில் நேர்ந்தால் தொல்லை இன்னும் பெரிது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தின் வழியாக வேலணைத் தீவை அடைந்து, தரைவழியே ஊர்காவற்றுறைக்குச் சென்றுவிடலாம். நயினாதீவுக்குச் செல்வோர் புங்குடுதீவு வரை தரைவழியே சென்று, குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டும். நெடுந்தீவுக்கும் அங்கிருந்தே படகு. ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம். சோளகம் மிகுந்து வீசும் நாட்களில் அக்கடல் எல்லோரையும் எல்லா வேளையும் அனுமதிப்பதில்லை. தொலைவிலிருந்தே சரிசெய்யலாமே என்று சிலர் கூறுவர். வலையமைப்பின் அமைவுக் கோப்பிலேயே பிழை நேர்ந்துவிட்டால், தொலைவிலிருந்து சரிசெய்வதற்குரிய வழியும் அப்பிழையோடு சேர்ந்தே அடைபட்டுவிடும். எனவே நெடுந்தீவுக்குப் போகும் கோப்பு, படகேறும் முன்பே பிழையற்றதாயிருத்தல் வேண்டும்.

இதற்குரிய தீர்வின் வித்து நமது பழைய வழக்கங்களிலேயே இருக்கின்றது. காணி உறுதி ஒன்றை எடுத்துப் பாருங்கள். நொத்தாரிசு, வாங்குபவரின் முழுப்பெயரையும் முகவரியையும் தொடக்கத்தில் ஒருமுறை எழுதி, 'இதன் பின்னர் கொள்வனவாளர் எனக் குறிப்பிடப்படுபவர்' என்று ஒரு குறியைக் கொடுத்துவிடுகின்றார். அதன் பின் உறுதி முழுவதிலும் அக்குறியே வருகின்றது. அதைக் கண்ட இடமெல்லாம் படிப்பவர் முழுப்பெயரை மனத்துள் நிரப்பிக்கொள்கின்றார். மேற்படி என்னும் சொல்லும் இத்தகையதே. அதற்கெனத் தனியொரு சுருக்கெழுத்தையே தமிழ்க் கணக்கர் வைத்திருந்தனர். நன்னூலார் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் மாட்டெறிந்தொழுகல் என ஒன்று உண்டு. முன்னே கூறியதை மீண்டும் விரித்துரையாமல், அதனையே வேண்டிய இடத்தில் பொருத்திக் கொள்ளுமாறு காட்டிச் செல்லும் முறை அது. ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லாதே என்பதே இவையனைத்துக்கும் அடிப்படை.

கணினித் துறையில் இம்முறை 1950-களிலேயே தோன்றிவிட்டது. அக்காலத்தில் கணினிக்குரிய கட்டளைகளை மிக நுண்ணிய படிகளாக எழுதவேண்டியிருந்தது. ஒரே வரிசைக் கட்டளைகள் மீண்டும் மீண்டும் வந்தமையால், அவ்வரிசைக்கு ஒரு பெயரிட்டு, பெயரைக் கண்டதும் வரிசை முழுவதையும் விரித்து வைக்கும் வழக்கம் உண்டாயிற்று. விரிந்து பெரிதாகும் அக்கட்டளைக்கு மாக்ரோ என்று பெயர். மாக்ரோ என்னும் அடைமொழி நீண்டது, பெரியது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நெடுந்தீவின் தலையில் நிற்கும் 'நெடு' என்பதற்கு அது நேரான சொல் எனலாம்.

1960-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மக்கில்ராய் இம்முறையைப் பொதுமைப்படுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1965-இல் இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி, எந்த எழுத்துக்கும் பயன்படத்தக்க பொதுநோக்கு மாக்ரோ ஆக்கி ஒன்றை விவரித்தார். அது சுமார் 250 இயந்திரக் கட்டளைகளுக்குள் அடங்கிவிட்டது என்பர். 1977-இல் பெல் ஆய்வுகூடத்தின் பிரையன் கெர்னிகனும் டெனிஸ் ரிட்சியும் எம்4 என்னும் கருவியை உருவாக்கினர். அது யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் இன்றும் கிடைக்கின்றது. மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் செண்ட்மெயில் என்னும் நிரலை இயற்றியவர் எரிக் ஆல்மன். அதன் அமைவுக் கோப்பு புதியவர் எவரையும் மிரளவைக்கும் கடுஞ்சிக்கலானது. ஆதலால் அதனை நேரே எழுதாமல், சில வரிகளில் ஒரு மூலக் கோப்பை எழுதி, எம்4-ஐக் கொண்டு விரித்துக்கொள்ளும் வழக்கம் உண்டாயிற்று. அமைவுக் கோப்புகளுக்கு மாக்ரோ முற்செயலியைப் பயன்படுத்தியதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு இதுவே.

முற்செயலி என்பதன் பொருள் இப்போது தெளிவாகும். கோப்பைப் பயன்படுத்தும் நிரல் அதைப் படிப்பதற்கு முன்பாகவே, இக்கருவி தன் செயலை முடித்து விலகிவிடுகின்றது. ரவுட்டருக்கு மாக்ரோவைப் பற்றி ஒன்றும் தெரியவேண்டியதில்லை. விரிந்து முடிந்த தூய கோப்பே அதனிடம் போய்ச் சேருகின்றது. ஆகவே எந்த நிரலின் அமைவுக் கோப்புக்கும் இம்முறை பொருந்தும்.

நமது மூன்று வாசிகசாலைகளுக்கு இதனைப் பொருத்திக் காண்போம். முதலில் அச்சுப் போன்ற ஒரு பொதுக் கோப்பை எழுதுகின்றோம். வேறுபடும் இடங்களில் மட்டும், இருபுறமும் ஓர் அடையாளமிட்ட பெயரை வைக்கின்றோம். அதன் சில வரிகள் இவ்வாறு அமையும்:

நிலையம் = @தீவு@
முகவரி = 10.20.@எண்@.1
நேரம் = @நேரவலயம்@
வரவேற்பு = @தீவு@ வாசிகசாலைக்கு நல்வரவு

அடுத்து, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சிறு பெறுமதிப் பட்டியல். நெடுந்தீவின் பட்டியலில், தீவு என்பதற்கு நெடுந்தீவு என்றும், எண் என்பதற்கு 3 என்றும் இரண்டு வரிகள் இருக்கும். மூன்று இடங்களுக்கும் பொதுவான நேரவலயம் போன்றவை வேறொரு பொதுப் பட்டியலில் ஒருமுறை மட்டும் எழுதப்படும். முற்செயலி இப்பட்டியல்களைப் படித்து, பொதுக் கோப்பில் பெயர் உள்ள இடமெல்லாம் பெறுமதியை வைத்து, முழுக் கோப்பு ஒன்றை எழுதித் தருகின்றது:

நிலையம் = நெடுந்தீவு
முகவரி = 10.20.3.1
நேரம் = +5:30
வரவேற்பு = நெடுந்தீவு வாசிகசாலைக்கு நல்வரவு

நயினாதீவின் பட்டியலைக் கொடுத்தால் நயினாதீவின் கோப்புப் பிறக்கும். நாளை அனலைதீவில் ஒரு வாசிகசாலை திறந்தால், புதிதாக எழுதவேண்டியது இரண்டு வரிகளே. பொதுவானது ஓரிடத்தில் இருக்கின்றது. வேறுபாடுகள் தனித்தனியே கண்முன் தெரிகின்றன. இவ்விரண்டாவது பயன் முதலாவதினும் பெரிது என்பது என் கருத்து. நாற்பது வரிகளுக்குள் மறைந்து கிடந்த வேறுபாடு, இரண்டு வரிகளாய் வெளிப்பட்டு நிற்கும்போது பிழையும் ஒளிந்துகொள்ள இடமின்றி நிற்கும்.

நேரத்தை வேண்டுமென்றே எடுத்துக்காட்டினேன். நாட்டின் நேரம் மாறாத ஒன்று என்று நாம் எண்ணுவோம். ஆனால் மின்சாரச் சிக்கனம் கருதி, 1996 மே மாதத்தில் இலங்கையின் நேரம் ஒரு மணி முன்னகர்த்தப்பட்டு, கிரீனிச்சைக் காட்டிலும் ஆறரை மணி முந்தியதாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணியாகக் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய ஐந்தரை மணிக்கே திரும்பியது. பத்தாண்டுகளுக்குள் மூன்று மாற்றங்கள்! ஐந்தரை என்னும் எண்ணை நூறு கோப்புகளில் நூறு இடத்தில் எழுதியிருந்தவர் மும்முறை நூறு திருத்தங்கள் செய்திருப்பார். நேரவலயம் என்ற பெயரை எழுதி, அதன் பெறுமதியை ஓரிடத்தில் வைத்திருந்தவர் மூன்றே திருத்தங்களில் முடித்திருப்பார். உலகின் கணினிகள் பலவும் இன்று பின்பற்றும் முறையும் இதுவே. எண்ணை எழுதாமல், ஏசியா, கொழும்பு என்ற பெயரை எழுதிவிட்டால், அப்பெயருக்கு எந்தக் காலத்தில் எந்தப் பெறுமதி என்பதைப் பொதுவான ஒரு தரவுத்தளம் காத்து வருகின்றது. மாறாது என்று நாம் நம்புவதற்கும் ஒரு பெயர் கொடுத்து வைப்பது நன்று.

இதுவரை கூறியது பெயருக்குப் பதில் பெறுமதி வைத்தல். எளிய முற்செயலிகளிடம் இன்னும் இரண்டு ஆற்றல்கள் உண்டு. ஒன்று, பிறிதொரு கோப்பை உள்ளே சேர்த்தல். எல்லாக் கோப்புகளுக்கும் வேண்டிய பாதுகாப்பு விதிகளைத் தனியே எழுதி, இவ்விடத்தில் அதனைச் சேர்க்க என்று குறித்தால் போதும். மற்றொன்று, நிபந்தனை. நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாக் காலத்தில் நயினாதீவுக்கு வருவோர் தொகை பெருகும். அப்போது பொதுமக்களுக்கான இணைப்பில் ஒருவர்க்குரிய நேர அளவைக் குறைக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'திருவிழா எனின் இவ்வரி, அன்றெனின் அவ்வரி' என்று பொதுக் கோப்பிலேயே எழுதிவிடலாம். இந்த நான்குக்குமேல், அதாவது பெயரிடல், மாற்றிவைத்தல், சேர்த்தல், நிபந்தனை ஆகியவற்றுக்குமேல், அமைவுக் கோப்புகளுக்கு வேண்டியது மிகச் சிறிது.

இனி, இக்கருவி காலை வாரும் இடங்களைப் பார்ப்போம். அவையனைத்துக்கும் காரணம் ஒன்றே: முற்செயலிக்குப் பொருள் தெரியாது, எழுத்து மட்டுமே தெரியும்.

தீவு என்ற சொல்லை, இருபுற அடையாளமின்றி அப்படியே பெயராக வைத்து, அதன் பெறுமதி நயினாதீவு என்று கூறினோமென்க. கோப்பில் வேறோரிடத்தில் தீவுப்பகுதி என்று ஒரு சொல் இருந்தால், எழுத்தை மட்டும் பார்க்கும் கருவி அதனையும் நயினாதீவுப்பகுதி என்று மாற்றிவிடும். அதனினும் கொடிது ஒன்று உண்டு. மாற்றிவைத்த பெறுமதியையும் மீண்டும் படித்துப் பார்க்கும் கருவியாயின், நயினாதீவு என்பதன் உள்ளேயும் தீவு இருப்பதைக் காணும், அதையும் மாற்றும், நயினாநயினாதீவு என்றாகும், அதிலும் தீவு இருக்கும். இதற்கு முடிவே இல்லை. ஆகவேதான் பெயரின் இருபுறமும், கோப்பில் வேறெங்கும் வாராத ஓர் அடையாளத்தை இடவேண்டும் என்றும், ஒருமுறைக்குமேல் படிக்கலாகாது என்றும் விதிக்கின்றோம்.

தமிழில் எழுதுவோர்க்கு ஓர் இடர் உண்டு. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் எந்த வாக்கியத்தில் வந்தாலும் உருமாறாது. தமிழில் வேற்றுமை உருபு சேரும்போது சொல் உருமாறும். @தீவு@இல் என்று பொதுக் கோப்பில் எழுதிவைத்தால், விரியும்போது நயினாதீவுஇல் என்றும், ஊர்காவற்றுறைஇல் என்றும் வந்து நிற்கும். முற்செயலிக்குப் புணரியல் தெரியாது. ஈற்று உகரம் கெடுவதும் யகர உடம்படுமெய் தோன்றுவதும் அதற்கு எட்டாதவை. இதற்கு எளிய பரிகாரம், பெயருக்குப் பின் மாறாத ஒரு சொல்லை நிறுத்தி, உருபை அச்சொல்லோடு சேர்த்துவிடுவதே. @தீவு@ வாசிகசாலையில் என்று எழுதினால் எந்த ஊரும் பழுதின்றிப் பொருந்தும். அல்லது நயினாதீவில், ஊர்காவற்றுறையில் என்னும் வடிவங்களையே தனிப் பெறுமதிகளாகப் பட்டியலில் எழுதிக்கொள்ளலாம். தமிழில் அறிவிப்புகளை விரிக்கும் எவரும் இதனை நினைவில் வைத்தல் நலம்.

எண்களிலும் இத்தகைய பொறி உண்டு. காத்திருப்பு என்னும் பெயருக்கு 30+10 என்று பெறுமதி எழுதி, வேறோரிடத்தில் காத்திருப்பின் இருமடங்கு என்னும் கருத்தில், அப்பெயரை இரண்டால் பெருக்குமாறு எழுதினோமென்க. நாம் எதிர்பார்ப்பது 80. விரிந்து வருவதோ 30+10×2. பெருக்கலை முதலில் செய்யும் நிரல் அதற்கு 50 என்று விடை காணும். பெறுமதியை அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தால் இத்தவறு நேராது.

எந்தக் கருவியைத் தெரிந்துகொள்வது? எம்4 ஆற்றல் மிக்கது. ஆனால் அதற்கென மேற்கோட்குறி விதிகள் உண்டு. சாதாரண உரையில் வரும் ஒற்றை மேற்கோட்குறியும் அதன் கண்ணுக்கு விதியாகவே தோன்றும். அன்றியும் அதற்கே உரிய சொற்கள் சில நமது கோப்பிலும் வந்துவிட்டால் அவற்றையும் விரிக்கப் புகும். இதனைத் தவிர்க்க, அதன் உட்சொற்கள் யாவும் ஒரு முன்னொட்டுடன் வந்தால் மட்டுமே விரியுமாறு செய்யும் வசதி குனூ எம்4-இல் உண்டு. சி மொழியின் முற்செயலியையும் சிலர் இதற்குப் பயன்படுத்துவர். அது இரட்டைச் சாய்கோட்டைக் கருத்துரையின் தொடக்கமெனக் கொண்டு, அவ்வரியின் எஞ்சிய பகுதியை நீக்கிவிடக்கூடும். இணைய முகவரிகளில் அவ்விரட்டைச் சாய்கோடு வருவதை நாம் அறிவோம். பல அமைவுக் கோப்புகளில் கருத்துரைக்கு இடும் அடையாளம், அந்த முற்செயலிக்குக் கட்டளையின் அடையாளமாகவும் இருக்கின்றது. ஆதலால் தேவை சிறிதாயின், மேலே காட்டியவாறு இருபுற அடையாளமிட்ட பெயர்களை மட்டும் மாற்றிவைக்கும் ஒரு சிறு நிரலை நாமே எழுதிக்கொள்வது பெரும்பாலும் போதுமானது. எந்த நிரல்மொழியிலும் அது ஐம்பது வரிகளைத் தாண்டவேண்டியதில்லை.

அவ்வாறு எழுதுவோர் சில ஒழுங்குகளைக் கைவிடலாகாது. முதலாவது, பட்டியலில் இல்லாத பெயர் ஒன்று கோப்பில் வந்தால், கருவி வெற்றிடமாக விட்டுச் செல்லாமல், உடனே நின்று, இன்ன வரியில் இன்ன பெயருக்குப் பெறுமதி இல்லை என்று கூறவேண்டும். தீவு என்பதைத் தீவூ என்று பிழையாக எழுதியவர்க்கு அக்கணமே அது தெரியவேண்டும்; நெடுந்தீவில் இறங்கிய பின்னர் அன்று. இரண்டாவது, விரிந்த கோப்பின் தலையில், இது கருவியால் எழுதப்பட்டது, இதனை நேரே திருத்தற்க, மூலம் இன்ன கோப்பு என்று ஒரு வரி இருத்தல் வேண்டும். இவ்வெச்சரிக்கை இல்லையேல், அவசரத்தில் ஒருவர் விரிந்த கோப்பைத் திருத்துவார். அடுத்தமுறை விரிக்கும்போது அத்திருத்தம் அழிந்துபோகும். மூன்றாவது, புதிதாக விரிந்த கோப்பை முன்னையதோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அனுப்பவேண்டும். ஒரு வரியை மாற்ற எண்ணியவர் ஒப்பீட்டில் ஏழு வரிகள் மாறியிருக்கக் கண்டால், ஆறு வரிகள் அவரை எச்சரிக்கின்றன. நான்காவது, கடவுச்சொற்களைப் பலரும் படிக்கும் பொதுப் பட்டியலில் எழுதலாகாது.

இச்சிறு விடயத்துக்கு இத்தனை எச்சரிக்கை வேண்டுமோ என்று நேயர்களுள் சிலர் எண்ணலாம். வாசிகசாலை ரவுட்டரோடு முடியும் விடயமாயின் வேண்டாமே. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் தேசிய மின்வலையோடு இணையாதிருந்த தீவுகள். அவற்றில் கலப்பு மின்னுற்பத்தி நிலையங்களை அமைப்பதற்கு, இந்திய அரசின் நன்கொடையுடன், 2024 மார்ச் 1-ஆம் நாள் ஓர் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. மூன்று தீவுகளுக்குமாகச் சூரிய ஒளியால் 1,700 கிலோவாற், காற்றால் 530 கிலோவாற், 2,400 கிலோவாற்மணி கொள்ளும் மின்கலத் தொகுதி, துணைக்கு 2,500 கிலோவாற் டீசல் பிறப்பாக்கிகள் என்பது அத்திட்டத்தின் அளவு. இத்தகைய கலப்பு நிலையங்களில், மின்கலம் எந்த அளவுக்கு இறங்கினால் டீசல் பிறப்பாக்கி இயங்கத் தொடங்கவேண்டும் என்பதையும், எப்போது ஓயவேண்டும் என்பதையும் நிருணயிப்பவை அமைவில் எழுதிவைக்கும் எண்களே. ஒரே அமைப்பு, மூன்று இடம், வெவ்வேறு பெறுமதி என்னும் நிலை அங்கேயும் எழும். ஒரு தீவுக்குரிய எண் மற்றொரு தீவின் கோப்பில் தவறிப் புகுந்தால், அதனை முதலில் அறிபவர் பொறியியலாளர் அல்லர்; இரவில் வைத்தியசாலையில் கடமையாற்றும் தாதியே.

ஆயினும் இறுதியாக ஒன்று கூறவேண்டும். இக்கருவியின் இன்பம் மனிதனை மயக்கவல்லது. மாக்ரோவுக்குள் மாக்ரோ, அதற்குள் நிபந்தனை, அந்நிபந்தனைக்குள் மற்றொரு கோப்பு என்று அடுக்கிச் செல்பவர், மூன்று வரிச் சேமிப்புக்காக முந்நூறு வரிப் புதிரைப் படைத்துவிடுவார். எழுதியவர் இருக்கும்வரை அது இயங்கும். அவரோ ஒரு நாள் இடமாற்றம் பெற்றுக் கொழும்புக்குப் போவார். அல்லது தீவகத்தார் பலரைப்போல் கடல்கடந்து கனடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போவார். அவருக்குப் பின் அந்நாற்காலியில் அமர்பவர், அப்போதுதான் பாடசாலை முடித்துப் பயிற்சி பெற்ற ஓர் இளைஞராயிருக்கலாம். பொதுக் கோப்பையும் பட்டியலையும் விரிந்த கோப்பையும் அருகருகே வைத்து, இதிலிருந்து இது வந்தது என்று அவர் அரை மணிநேரத்தில் விளங்கிக்கொள்ளக் கூடுமாயின், நமது முற்செயலி எளியது. அன்றெனின், எவ்வளவு ஆற்றல் இருந்தும் அஃது அவ்விடத்துக்கு ஏற்றதன்று. இரண்டே கோப்புகள், அவையும் ஆண்டுக்கு ஒருமுறைதான் மாறும் என்னும் நிலையில், கையாலேயே எழுதி ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வதே நன்று, கருவி வேண்டுவதில்லை.

பொதுவானதை ஓரிடத்தில் எழுதுங்கள். வேறுபடுவதைத் தனியே எழுதி வெளிப்படையாக வையுங்கள். விரிந்து வந்ததைப் படித்துப் பார்த்த பின்னரே அனுப்புங்கள். தீவுகளில் மட்டுமன்றி, ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளைப் பேணும் எவர்க்கும் இம்மூன்றும் துணைநிற்கும்.